வாசலில் வேப்பங்கொத்து

கருங்கல்மேட்டில் முதல் வேப்பங்கொத்து தொங்கிய வீட்டில் யாருக்கும் அம்மை போட்டிருக்கவில்லை. அது கோகிலவாணிக்கு நன்றாகத் தெரியும். கட்ட வைத்தவளே அவள்தான்.

அரசு எச்.ஐ.வி. மாத்திரை மையத்தில் ஆலோசகர் வேலை அவளுக்கு. ஆலோசகர் என்பது பலகையில் இருக்கும் பெயர். உண்மையான வேலை, ஊரில் யாருக்கும் தெரியக்கூடாததைத் தெரிந்துவைத்துக்கொண்டு, தெரியாத மாதிரி தெருவில் நடப்பது. அவளிடம் மாத்திரை வாங்குகிறவர்களைக் கல்யாண வீட்டில் பார்த்தால் அவள் சிரிக்கக்கூட மாட்டாள்.

விஷயம் தொடங்கியது டாக்டர் இன்பராஜின் அறையில். நீலக் காய்ச்சல் ஈரோட்டைத் தொட்டிருந்த வாரம். உதடு நீலமாகும், மூச்சு வாங்கும், இரண்டு மூன்று நாளில் கதை முடியும். தடுப்பூசித் திட்டத்துக்குப் பொறுப்பாக வந்திருந்த இன்பராஜ் தூங்கிப் பல நாள் ஆன முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"கோழிப்பண்ணை பாத்திருக்கீங்களா கோகிலா?"

"எங்க ஊர்ல கோழியும் லாரியும் விட்டா வேற என்ன சார் இருக்கு?"

"கோழிக்குத் தடுப்பு மருந்து எப்படிக் குடுக்கறாங்க? ஒவ்வொண்ணாப் பிடிச்சு ஊசியா போடறாங்க?"

"சிலதுக்கு ஊசி. பாதி மருந்து தண்ணியில கலந்து விடறதுதான். குடிக்காத கோழிக்கு, குடிச்ச கோழிகிட்ட இருந்து ஒட்டிக்கும்."

"அதேதான். இப்ப மனுஷனுக்கு." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஊர்ல எல்லாருக்கும் ஊசி போட நமக்கு நேரமில்ல. நூத்துல அஞ்சு பேருக்குப் போட்டாப் போதும். மீதிப் பேருக்கு அவங்களே தும்மிக் குடுத்துருவாங்க. உயிருள்ள கிருமி, ஆனா பல் பிடுங்கின கிருமி. லேசாக் காய்ச்சல், பத்துப் பதினஞ்சு கொப்புளம். ஒரு வாரத்துல உதிர்ந்துடும். அப்புறம் நீலக் காய்ச்சல் அந்தப் பக்கமே வராது."

கோகிலவாணி கேட்க வந்த கேள்வி ஒன்றுதான். "எங்க ஆளுங்களுக்கு?"

கண்ணாடி துடைப்பது நின்றது.

"மாத்திரையை ஒழுங்காச் சாப்பிடறவங்களுக்குப் பயமில்ல. அவங்களுக்குச் செத்த கிருமி ஊசி இருக்கு. அதைப் போட்டுட்டா இந்தப் பரவுற கிருமி அவங்ககிட்ட தங்காது, அவங்ககிட்ட இருந்து பரவவும் பரவாது. மாத்திரையை விட்டவங்கதான் சிக்கல். எதிர்ப்பு சக்தி அடிமட்டத்துல இருக்கற உடம்பு செத்த கிருமியைக் கண்டுக்கவே கண்டுக்காது. பரவுற கிருமி உள்ள போச்சுன்னா, தடுக்க ஆளில்ல. கொப்புளம் தோலோட நிக்காது. நுரையீரல் வரைக்கும் போகும்."

"மாத்திரையைத் திரும்ப ஆரம்பிச்சா?"

"உடம்பு தேற மாசக்கணக்காகும். நமக்கு வாரக்கணக்குதான் இருக்கு. அலை ஓயற வரைக்கும் அவங்களை வீட்டுக்குள்ள வெச்சுப் பாதுகாக்கணும். கதவுல சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். 'உள்ளே வரத் தடை'."

"ஒட்டின அன்னைக்கே ஊருக்குத் தெரிஞ்சிரும் சார்."

"புற்றுநோய்க்காரங்க, கிட்னி மாத்தினவங்க வீட்லயும்தான் ஒட்டுறோம்."

"அவங்க யாருன்னு எல்லாருக்கும் ஏற்கெனவே தெரியும். மிச்சக் கதவெல்லாம் யாரு கதவுன்னு டீக்கடையில உக்காந்து அரை மணி நேரத்துல பிரிச்சிருவாங்க."

கோகிலவாணியின் கணக்கில் அப்படிப்பட்ட கதவுகள் எட்டு. அவளை மிகவும் பயமுறுத்திய கதவு செல்லக்கிளியுடையது.

*

செல்லக்கிளியைப் பேருந்து நிலையத்தில்தான் பார்க்க முடியும். முட்டைப் பண்ணையில் தரம் பிரிக்கிற வேலை. வேலை விட்டு ஊர் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம்தான் அவளுக்கு மாமியார் ராமாயி பக்கத்தில் இல்லாத நேரம். புருஷன் அர்த்தநாரி லாரி ஓட்டுநர். இரண்டு வருஷத்துக்கு முன் செத்துப்போனான். ஊருக்குச் சொன்னது மூளைக்காய்ச்சல். அவன் விட்டுப்போன நோய் செல்லக்கிளிக்கும் இருந்தது. அது கோகிலவாணிக்கு மட்டும் தெரியும் என்பது செல்லக்கிளியின் நம்பிக்கை. எட்டு மாதமாக மாத்திரைக்கு வரவில்லை.

"ஏன்டி நிறுத்தின?"

"டப்பா வச்ச எடத்துல இல்லீங்க்கா." முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே பேசினாள். "அரிசி மூட்டைக்குப் பின்னால மறைச்சு வச்சிருந்தன். ஒரு நா பாத்தா, பிளாஸ்டிக் பையில சுத்திப் பரண் மேல இருக்குது. எங்கத்தையைத் தவிர வேற ஆரு எடுத்திருப்பா?"

"ஏதாச்சும் கேட்டாங்களா?"

"ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தாக்கூடத் தேவலைங்க்கா. கேக்காம இருக்கறதுதான் பயமா இருக்குது. கால்சியம்னு எழுதுன டப்பாதான், நம்பியிருக்கும்னு வெச்சுக்குவோம். மறுக்கா நான் அதைத் தொட்டு, அது பாத்துச்சுன்னா? அதான் அப்படியே உட்டுட்டன்."

"உசுரு போயிருமேன்னு தோணலியா?"

"வூட்டை உட்டுப் போகச் சொன்னா எங்க போறதுன்னுதான் மொதல்ல தோணுச்சு. எங்கப்பன் வூட்டுல ரெண்டு தங்கச்சிங்க கல்யாணத்துக்கு நிக்குது. எனக்கு இதுன்னு தெரிஞ்சா அதுங்களை ஆரு கட்டுவா?"

கோகிலவாணி பரவப்போகும் கொப்புளத்தைப் பற்றியும், சிவப்பு ஸ்டிக்கரைப் பற்றியும், வீட்டில் தனியாக இருக்க முடியாதவர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் போடப்போகும் முகாமைப் பற்றியும் சொன்னாள். செல்லக்கிளி சிரித்துவிட்டாள். சிரிப்பில் சந்தோஷம் இல்லை.

"அதுக்கு அந்தக் கொப்புளமே மேலுங்க்கா. சத்தியம் பண்ணிக் குடுங்க. என்ன ஆனாலும் எங்கத்தைகிட்ட மட்டும் சொல்ல மாட்டன்னு."

அவள் நீட்டிய கையில் கோகிலவாணி தன் கையை வைத்தாள். எத்தனையோ பேருக்கு வைத்த கை. பழகிப்போன சத்தியம்.

அதற்கொரு வழி அன்று மாலை வீட்டுக்குத் திரும்பும்போது கிடைத்தது. பக்கத்து ஊரில் ஒரு குழந்தைக்குச் சின்னம்மை. நிலைப்படியில் வேப்பங்கொத்து. பால்காரர் படியிலேயே பாலை வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். கூரியர்காரன் எட்டிப் பார்த்து, மணி அடிக்காமலே திரும்பினான். கோகிலவாணி வண்டியை நிறுத்திவிட்டு அந்தக் கதவையே பார்த்தாள்.

யாரும் உள்ளே போகவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவும் இல்லை. ஊரில் வெட்கப்பட வேண்டாத நோய் அது ஒன்றுதான்.

மறுநாள் இன்பராஜ் முதலில் சிரித்தார். "வேப்பிலை கட்டணும்னு அரசாணை எப்படிம்மா போடறது?"

"போடாதீங்க சார். எட்டு வீட்டுக்கு ஸ்டிக்கரும் போடாதீங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

அவர் யோசித்தார். அவருக்கும் ஸ்டிக்கர் பிடிக்கவில்லை. "உங்க ஊர், உங்க ஜனங்க. உங்களுக்குத் தெரியாததா" என்று கையெழுத்துப் போட வேண்டிய தாளை ஓரமாகத் தள்ளிவைத்தார்.

*

ராமாயி அதிகம் பேசாத மனுஷி. கோகிலவாணி சுகாதார ஊழியர் என்ற முறையில் வந்ததாகச் சொல்லி, வயதானவர்களுக்கான ஊசி என்று செத்த கிருமி ஊசியை அவளுக்குப் போட்டாள். செல்லக்கிளிக்கும் போட்டாள்; அது வேலை செய்யாது என்று தெரிந்தும் போட்டாள். பிறகு செல்லக்கிளியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"அம்மையாட்ட இருக்குதுங்க. முத்து இன்னும் வெளிய வரல. உள்ளயே இருக்குது."

பயப்படுவாள், பதறுவாள் என்றுதான் எதிர்பார்த்தாள். ராமாயி மருமகளின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கண்ணை மூடிக் கைகூப்பினாள். திறந்தபோது கண் நிறைந்திருந்தது.

"வந்துட்டாளா எங்காத்தா?"

"ஆரையும் உள்ள விடக் கூடாதுங்கம்மா. ஒரு மாசம் போல ஆகும்."

"சரிங் கண்ணு." அதற்குமேல் ஒரு கேள்வி இல்லை. கொல்லைப் பக்கம் போய், வேப்பங்கிளையை அவளே ஒடித்து வந்து கட்டினாள். அவள் முகத்தில் தெரிந்தது சந்தோஷமா என்று கோகிலவாணிக்கு ஒரு கணம் தோன்றியது. பொய் பலித்த நிம்மதியில் அதை அவள் அதற்குமேல் யோசிக்கவில்லை.

உள் அறையில் செல்லக்கிளி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். கோகிலவாணி கொடுத்த மாத்திரை இந்த முறை அவள் தலையணை உறைக்குள் போனது.

அந்த வெள்ளிக்கிழமை பரவல் ஊசி ஊருக்குள் வந்தது. ஆட்களை இன்பராஜ் பார்த்துப் பொறுக்கியிருந்தார். பஸ் நடத்துநர்கள், ஆசிரியர்கள், காய்கறிக்காரர்கள், டீக்கடைப் பொங்கியண்ணன். நாலு பேரோடு பேசிப் பிழைக்கிறவர்கள்.

"டீ பன்னெண்டு ரூவா. தும்மல் இனாம்" என்று பொங்கியண்ணன் கடையில் எழுதியே போட்டுவிட்டார். கையில் முதல் கொப்புளம் வந்தபோது அதை எல்லோருக்கும் காட்டிக் காட்டி டீ ஆற்றினார்.

திட்டம் வேலை செய்தது. அதுதான் கொடுமை. பரவல் ஊசி இன்னும் போய்ச் சேராத பக்கத்து ஊர்களில் ஆம்புலன்ஸ் சத்தம் ஓயவில்லை. கருங்கல்மேட்டில் ஒரு உதடுகூட நீலமாகவில்லை. இரண்டாவது வாரம் ஊர் அந்தக் கொப்புளத்துக்குப் பேர் வைத்துவிட்டது. நல்லாத்தா.

ஆத்தா வந்த வீட்டில் வேப்பிலை கட்டத்தானே வேண்டும்? கட்டினார்கள். ஒரு தெருவில் நாலு, அடுத்த தெருவில் ஒன்பது. கோகிலவாணி வண்டியில் போகும்போது பச்சைக் கொத்துகளைப் பார்த்தாள். முதலில் சிரிப்புத்தான் வந்தது. மார்க்கெட் தெருவில் ஒரு கொத்துக்கு முன்னால் பெண்கள் தட்டோடு வரிசையில் நிற்பதைப் பார்த்தபோது சிரிப்பு நின்றது.

"எதுக்குக்கா எல்லாரும் நிக்கறீங்க?"

"எங்க வூட்டுக்கு இன்னும் ஆத்தா வரலீங்க" என்றாள் இடுப்பில் குழந்தை வைத்திருந்த ஒருத்தி. "அதான் வந்த வூட்டுல போயிக் கேட்டுக் கூட்டிட்டுப் போலாம்னு. உள்ள போயி, மேலுல ஆத்தா வந்தவங்க கையால கொழந்தைக்கு மஞ்சத்தண்ணி தடவிக்கிட்டாப் போதும், மூணா நா வந்துருதுங்க."

அம்மை வீட்டுக்குள் காலெடுத்து வைக்காத ஊர், ஒரே வாரத்தில் அந்தப் பழக்கத்தைத் தலைகீழாகத் திருப்பிவிட்டது. வேப்பிலை என்றால் இனி உள்ளே வராதே என்று அர்த்தமில்லை. வா என்று அர்த்தம்.

கோகிலவாணி அங்கேயே நின்று இன்பராஜைப் போனில் அழைத்தாள். அவர் உற்சாகமாக இருந்தார். "கேள்விப்பட்டேன்! நல்லதுதானே, சீக்கிரம் பரவும்."

"நம்ம கட்டின எட்டுக் கொத்தும் அப்படியே தொங்குது சார்."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு, "நான் ஸ்டிக்கரோட ஆளை அனுப்பறேன். நீங்க எந்த வீட்டுக்குப் போறீங்க?" என்றார்.

அவள் ஏற்கெனவே வண்டியைத் திருப்பியிருந்தாள்.

*

ராமாயி வீட்டு வாசலில் தெருவே இருந்தது. ஊரில் முதல் கொத்து கட்டிய வீடு இல்லையா? ஆத்தா முதலில் வந்து இறங்கிய வீடு. வாசலில் கோலம், சாம்பிராணிப் புகை, தட்டுகளில் எலுமிச்சம்பழம். ஆத்தா ஏற்கெனவே வந்த குழந்தைகளையும் நன்றி சொல்லத் தூக்கி வந்திருந்தார்கள்; கையிலும் கழுத்திலும் கொப்புளம். கோகிலவாணி இடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

"யாரும் உள்ள போகக் கூடாது! ஆபீஸ் உத்தரவு!"

"ஆத்தாளுக்கு ஆரு உத்தரவு போடறது?" என்று ஒரு கிழவர் கேட்க, கூட்டம் சிரித்தது.

ராமாயி அறைக் கதவுக்கு முன்னால் நின்றிருந்தாள். புதுச் சேலை. "நாலு நாளா வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னங் கண்ணு. பச்சக் கொழந்தைகளத் தூக்கிட்டு வந்து வெயில்ல நிக்கறாங்க. எப்படி மூஞ்சியில அடிச்சாப்ல அனுப்பறது?"

"அவளுக்கு உடம்பு முடியலீங்கம்மா."

"ஆத்தா எறங்குனா உடம்பு அப்படித்தான் இருக்கும்."

அறைக்கு ஒரு சின்ன ஜன்னல். கம்பிக்குப் பின்னால் செல்லக்கிளியின் முகம். கோகிலவாணி அவளைப் பார்த்தாள். ஒரு வாக்கியம் போதும். அவளுக்கு எச்.ஐ.வி. அவ்வளவுதான். கூட்டம் கலைந்துவிடும். கலைந்துவிடுமா, தீயில் கை வைத்த மாதிரி ஓடும். செல்லக்கிளி உயிரோடு இருப்பாள். எங்கே, யாரோடு என்பது அப்புறம்.

சொல்ல வாயைத் திறந்தாள். ஜன்னலில் செல்லக்கிளி தலையை மெதுவாக ஆட்டினாள். வேண்டாம். இரண்டு கையையும் கூப்பினாள். கும்பிடுவது கோகிலவாணியை என்பது கூட்டத்துக்குத் தெரியவில்லை. "ஆத்தா கும்பிடு குடுக்கறா!" என்று யாரோ கத்த, குலவைச் சத்தம் எழுந்தது.

"கண்ணு, கதவத் தெற" என்றாள் ராமாயி.

"தெறக்காதே செல்லக்கிளி!"

தாழ்ப்பாள் உள்ளே இருந்தது. திறக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் ஆத்தா வந்தவள் கதவைத் திறக்காவிட்டால் ஏன் என்று ஊர் கேட்கும். ஏன் என்ற அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் அவள் எட்டு மாதம் மாத்திரையைத் தொடாமல் இருந்தாள். தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

பெண்கள் உள்ளே போனார்கள். புருஷன் செத்த நாளிலிருந்து விசேஷ வீடுகளில் ஓரமாக நிறுத்தப்பட்டவளின் நெற்றியில், ஒருத்தி குங்குமம் வைத்தாள். இன்னொருத்தி காலைத் தொட்டாள். யாரோ ஒரு குழந்தையை அவள் மடியில் போட்டார்கள். கன்னமெல்லாம் கொப்புளம், உதட்டில் எச்சில். செல்லக்கிளி அதைத் தூக்கித் தோளில் சாத்திக்கொண்டாள். தேர்த் திருவிழாவில் தொலைந்துபோய் வீடு திரும்பியவள் மாதிரி அவள் முகம் இருந்தது.

கோகிலவாணி அப்போதும் அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்பதுதான் அவள் வேலை.

*

மற்ற ஏழு கதவுகளிலும் அன்று மாலைக்குள் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டப்பட்டது. கொத்துகள் அவிழ்க்கப்பட்டன. ஏழு பேரும் பிழைத்தார்கள். அதில் மூன்று பேர் இப்போது கருங்கல்மேட்டில் இல்லை. எங்கே போனார்கள் என்று கோகிலவாணியிடம் யாரும் சொல்லவில்லை.

செல்லக்கிளிக்கு நிஜமான முத்து மறுவாரம் வந்தது. இன்பராஜே காரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கொப்புளம் அவர் சொன்ன வழியிலேயே போனது. கடைசி இரண்டு நாள் அவளால் பேச முடியவில்லை.

நீலக் காய்ச்சலில் கருங்கல்மேட்டில் ஒருவர்கூடச் சாகவில்லை. ஊருக்கு வர வேண்டியதையெல்லாம் தன்மேல் வாங்கிக்கொண்டு போனவள் என்று செல்லக்கிளியைச் சொன்னார்கள். பொங்கியண்ணன் தலைமையில் வசூல் நடந்தது. ராமாயி வீட்டுத் தெருமுனையில் மேடை கட்டி, மஞ்சள் துணி சுற்றிய கல் ஒன்றை நட்டார்கள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு மத்தியானம் கோகிலவாணி போனாள். உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு போனாள். செத்தவளுக்குச் செய்த சத்தியம் இனி யாரைக் காப்பாற்றப் போகிறது?

ராமாயி அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். பரணைப் பார்த்துக் கையை நீட்டி, பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு டப்பாவை எடுத்துக் கோகிலவாணியின் முன் வைத்தாள். கால்சியம் என்று எழுதியிருந்தது.

"இது உங்க ஆபீசுதுதானுங்க? ஆருக்காச்சும் ஆகுமா?"

கோகிலவாணி டப்பாவைத் தொடவில்லை. "இது என்ன மாத்திரைன்னு…"

"தெரியுங் கண்ணு. எம் மவன் சாகறப்பச் சொல்லிட்டுத்தான் போனான். 'அவளுக்கும் வந்திருக்கும்மா. அவளாச் சொன்னாச் சொல்லட்டும். நீயாக் கேட்டு அந்தப் புள்ளையக் குனிய வெக்காத'ன்னு கையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டான். நாங் கேக்கல." ராமாயி முந்தானையால் டப்பாவின் மூடியைத் துடைத்தாள். "அரிசி மூட்டைக்குப் பொறகால வெச்சிருந்தா. அங்க எலித் தொல்லை. மழைக்கு ஓதம் வேற ஏறுது. மருந்து கெட்டுப்போயிருமேன்னு நாந்தான் எடுத்துச் சுத்தி மேல வெச்சன்."

வெளியே தெருமுனையில் யாரோ மணி அடித்தார்கள்.

"அதுக்கப்பறம் டப்பா வெச்சது வெச்ச மாதிரியே இருந்துது. அடிக்கொருக்கா எடுத்து ஆட்டிப் பாப்பன். கொறையல. சரி, சீக்குத் தேவலை ஆயிருச்சாட்ட இருக்குது, மாத்திரைக்கு வேலையில்லைன்னு சந்தோசப்பட்டன். அப்பறம் நீ வந்து ஆத்தா எறங்கியிருக்கான்னு சொன்ன. மிச்சஞ் சொச்சத்தையும் கழுவி உட்டுட்டுப் போகத்தான் வந்திருக்கான்னு நெனச்சனே ஒழிய…" அவள் நிறுத்தினாள். குரல் உடையவில்லை. "ஒண்ணே ஒண்ணு கேக்கறன். ஜனங்க உள்ள போனா அவளுக்கு ஆகாதுன்னு உனக்கு அன்னைக்கே தெரியுமா கண்ணு?"

கோகிலவாணி தண்ணீர்ச் சொம்பைப் பார்த்தாள். மணிச் சத்தம் நின்றுவிட்டிருந்தது.

"தெரியும்."

ராமாயி தலையை ஆட்டினாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. இந்த வீட்டில் யாரும் யாரையும் எதுவும் கேட்டதில்லை. டப்பாவின் மூடியை இறுக்கித் திருகினாள். பழையபடி பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றுப் புகாமல் இரண்டு சுற்றுச் சுற்றினாள். எழுந்து, எக்கி, பரண் மேல் ஓதம் ஏறாத மூலையாகப் பார்த்து வைத்தாள்.